இது ஆரின்ர கத்தரிக்காய்?

குணநாயகம் வீட்டுக்குத் திரும்பி வந்தது மே மாத நடுப்பகுதியில், ஒரு சனிக்கிழமை காலை, பொதிகளாக.

லொறியில் வந்த இருவரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள். பிறகு எங்கே இறக்குவது என்று கேட்டார்கள். குணநாயகத்தின் மனைவி தவமலர் கராஜைக் காட்டினாள். அவர் தன் காரைத் தவிர வேறெதையும் வைக்க விடாத இடத்தில் பொதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. உயிரோடு இருந்தபோது மெலிந்த மனிதர். மரத்தூளும் வைக்கோலும் சேர்த்துத்தான் மண்ணாக்குகிறார்கள் என்பதால் இப்போது நன்றாகப் பருத்து, கராஜின் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தவமலர் மேல் பொதியில் கையை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. கண் கலங்கியது. கூடவே, முப்பது வருடமாக "ஒரு உரப் பொதியைத் தூக்கித் தாங்கோ" என்று தான் கெஞ்சிய கெஞ்சலும், "முதுகு பிடிச்சிருக்கு" என்று அவர் சொன்ன மறுமொழியும் ஞாபகம் வந்தன. அந்த மனிதர்தான் கடைசியில் பொதியாகவே வந்து நிற்கிறார். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்ததில் அவளுக்கு விக்கல் எடுத்தது.

கல்கரியில் அப்போது இது புதினமான காரியமல்ல. ஒரு தலைமுறைக்கு முன் வந்த நீண்ட வறட்சியில், புல்வெளி மாகாணங்களின் மேல்மண் காற்றோடு எழும்பிப் போய்விட்டது. வீட்டு முற்றங்களில் மிஞ்சியது காய்ந்தால் ஓடு, நனைந்தால் பசை என்கிற வெறும் களிமண். அதன் பிறகுதான் உடல்களை எரிப்பதையும் பெட்டியில் வைத்துப் புதைப்பதையும் நிறுத்தி, நுண்ணுயிர்களிடம் கொடுத்து மண்ணாக்கி, குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுக்கும் சட்டம் வந்தது. தமிழ்ச் சனங்கள் அதற்கு 'ஆள்மண்' என்று பெயர் வைத்தார்கள். முதல் சில வருடங்கள் பெரிய அமளி. கோயில் ஐயர் நன்றாக யோசித்து, பூவுக்குப் போடலாம், காய்கறிக்கு வேண்டாம் என்றார். பிறகு ஐயரின் தகப்பனார் காலமாகி, அந்த வீட்டுப் பின்வளவில் வெண்டிக்காய் செழித்துக் காய்த்ததும் அந்த இரண்டாம் பாதியை அவர் மறந்துபோனார். கொண்டாட்டங்களில் புதிதாக ஒரு மரியாதை முளைத்தது. கறிச் சட்டியின் மூடியைத் திறக்குமுன் விருந்தாளி குரலைத் தாழ்த்தி, "இது ஆர்?" என்று கேட்பார். "மாமா," என்று மறுமொழி வரும். நெருங்கின ஆட்கள் போட்டுச் சாப்பிடுவார்கள். மற்றவர்கள் சம்பலோடு நிறுத்திக்கொள்வார்கள்.

தவமலருக்கு வந்த சங்கடம் வேறு. ஆள்மண் உயிருள்ள மண். வந்த முதல் கோடையிலேயே நிலத்தில் இறங்கி வேர்களைச் சந்திக்காவிட்டால் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஆகவே இலையுதிர்காலத்தில் மண் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சோதிப்பார். மண் பிழைத்திருந்தால் அது நிரந்தரமாகக் குடும்பத்துக்குச் சொந்தம். சோர்ந்திருந்தால் அள்ளிக்கொண்டு போய் அரச கோதுமை வயலில் கொட்டிவிடுவார்கள். கல்கரியின் கோடையோ வந்த சுவடு தெரியாமல் போகிற கோடை. மே முடியும்வரை உறைபனி. செப்ரெம்பர் பிறந்தால் திரும்பவும் உறைபனி. இடையில் மழை பெய்தால் அதிசயம், ஆலங்கட்டி விழாவிட்டால் அதைவிட அதிசயம்.

குணநாயகத்தின் தங்கை யோகாம்பிகை எட்மன்ரனில் இருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தாள். கராஜுக்குள் போய்ப் பொதிகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும், என்ன நடப்போகிறாய் என்று மச்சாளைக் கேட்டாள். கத்தரி என்றாள் தவமலர். யன்னலோரத்தில் நாற்றுகள் ஏற்கனவே சாண் உயரம் வளர்ந்திருந்தன.

"அண்ணையிலையோ? கத்தரிக்காயோ?"

"உங்கட அண்ணைக்குப் பால்கறி எண்டால் உயிர்."

"அது சாப்பிட, மச்சாள். முளைக்க இல்லை."

மல்லிகை நட்டுக் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்பது யோகாம்பிகையின் கட்சி. கல்கரிக் காற்றில் மல்லிகை ஒரு கிழமைகூட நிற்காது, அண்ணையைக் கோதுமை வயலுக்கு அனுப்பத்தான் ஆசையா என்று தவமலர் திருப்பிக் கேட்டாள். யோகாம்பிகை புறப்படும்போது, அந்தச் செடியில் காய்க்கிற ஒரு காயையும் தான் பல்லில் வைக்கமாட்டேன் என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனாள்.

மண் அலுவலகத்தின் அதிகாரி நிம்ரத் என்கிற பஞ்சாபிப் பெண். இறுக்கிக் கட்டிய பின்னலும் இளகிய மனமும் உள்ளவள். அவள் வந்ததும் முதலில் இடத்தைத்தான் தேடினாள். வேலியோரத்தை வேண்டாம் என்றாள், அங்கே மேல்காற்று நேராக அடிக்கும். தெற்குப் பார்த்த சுவரோரத்தைத் தெரிந்தெடுத்தாள். பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிற சுவர் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும், கத்தரி குளிர் தாங்காத பிள்ளை, அதற்கு இதுதான் தொட்டில் என்றாள். பிறகு முற்றத்துக் களியில் ஒரு பிடியை ஒரு போத்தல் தண்ணீருக்குள் போட்டுக் குலுக்கி யன்னலில் வைத்தாள். அடியில் மணல் ஒரு விரலளவு படிந்தது. மேலே களி மாத்திரம் கலங்கிக்கொண்டு, மறுநாள் மத்தியானம்வரை அடங்க மனமில்லாமல் நின்றது.

பொதியை அப்படியே கொட்டி நட முடியாதா என்று தவமலர் கேட்டாள்.

"முடியாது அன்ரி. ஆள்மண் தனியாகக் கொடுத்தால் வேரைச் சுட்டுவிடும். அவ்வளவு சத்து. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு ஊர்மண் சேர்க்க வேண்டும். களியோடு தனி மணலைச் சேர்த்தால் செங்கல் ஆகிவிடும், அதனால் மக்கின இலையும் நிறையப் போட வேண்டும். இங்கத்தைய மண் காரம். உங்கள் கணவர் அதைக் கொஞ்சம் தணிப்பார்."

"என்ர மனுசனோ தணிப்பார்?" என்றாள் தவமலர்.

நிம்ரத் ஒரு சிறு கருவியைப் பொதிக்குள் குத்திப் பார்த்துவிட்டு, புளிப்பும் சூடும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

அந்தக் கிழமை முழுவதும் தவமலர் கொத்தினாள், கிளறினாள், கலந்தாள். பலகை அடித்து முழங்கால் உயரத்துக்குப் பாத்தி கட்டினாள். உயர்ந்த பாத்தி சீக்கிரம் சூடேறும் என்று நிம்ரத் சொல்லியிருந்தாள். உறைபனி விட்டதும், மணிக்கட்டுவரை கையை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். குளிரவில்லை. நாற்றுகளை நட்டு, வேரடியில் வைக்கோல் மூடி, முதல் தண்ணீர் வார்த்தாள். வார்க்கும்போதே அவளை அறியாமல் வாய் திறந்தது.

"இஞ்சேருங்கோ, தண்ணி காணுமோ? காணாட்டில் சொல்லுங்கோ. சொல்லமாட்டியள். உம்மெண்டு இருப்பியள், பிறகு நான்தான் குற்றவாளி."

அன்று தொடங்கியது. ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், பிள்ளைகள் இல்லை, வீடு பெரிது. காலையும் மாலையும் தண்ணீர் வாளியோடு போய் நின்றால் பேசுவதற்கு விசயம் தானாக வந்தது. அவர் குறட்டையைப் பற்றி ஏசினாள். கல்யாண வீடுகளில் சாப்பாடு முடிந்த கையோடு கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்று அவசரப்படுத்தினதைப் பற்றி ஏசினாள். அவள் தொடங்கிய ஒவ்வொரு கதையையும் நடுவில் பறித்துத் தானே முடித்த பழக்கத்தை மாத்திரம் ஒரு கிழமைக்கு மேல் ஏசினாள். கத்தரிச் செடிகள் இலையை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தன. ஏச ஏச அவை தளதளவென்று வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்ன உரம் என்று கேட்டார். உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

யூலையில் ஒரு பின்னேரம் மேற்கே வானம் பச்சை பிடித்தது. தவமலர் வெளியே ஓடி வருவதற்குள் ஆலங்கட்டி விழத் தொடங்கிவிட்டது. போர்வையைப் போட்டாள், காற்று பறித்துக்கொண்டு போனது. கராஜிலிருந்து பழைய கம்பளத்தை இழுத்து வந்து பாத்தியின் பலகைகள்மேல் விரித்தாள். அது நடுவில் தொய்ந்து செடிகளை முறிக்கப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கம்பளத்துக்குக் கீழே புகுந்து, பாத்தியின்மேல் குனிந்து, முதுகால் அதைத் தாங்கிக்கொண்டு நின்றாள். நாவல்பழம் அளவில் கட்டிகள் முதுகில் விழுந்தன. முகத்துக்கு நேர் கீழே பூப்பிடித்த செடிகள். ஈர மண்ணின் மணம் மூக்கில் ஏறியது. ஓடவும் முடியாது, நிமிரவும் முடியாது. அப்போதுதான் அது வெளியே வந்தது.

அவள் இந்த நாட்டில் தாதிப் பரீட்சை எழுதவிருந்த கிழமையில், ஊரில், கரவெட்டியில், அவளுடைய அம்மா இறந்துபோனாள். தொலைபேசியை எடுத்தவர் குணநாயகம். பரீட்சை முடியட்டும் என்று அவளுக்குச் சொல்லாமல் மறைத்தார். தினமும் காலையில் அவளைச் சிரித்த முகத்தோடு நூலகத்தில் இறக்கிவிட்டு வந்தார். அவள் அறிந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. சொன்னாலும் போய்ச் சேர்ந்திருக்கமாட்டாய் என்றார். அது உண்மைதான். அதற்குப் பிறகு எத்தனை விருந்துகளில், தான் அன்றைக்கு மறைத்தபடியால்தான் தவம் பாஸ் பண்ணினாள் என்று அதைத் தன் சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆட்கள் முன்னால் வேறு என்ன செய்வது.

"என்னை அழ விட்டிருக்கலாம்," என்றாள் மண்ணைப் பார்த்து. "போகாட்டியும் அழ விட்டிருக்கலாம் நீங்கள். மறைக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் உத்தரவு தந்தது?"

கட்டிகள் நின்ற பிறகும் அவள் அப்படியே குனிந்து நின்றாள். முதுகில் நீலம் பாய்ந்திருந்தது. செடிகளில் இரண்டு மாத்திரம் முறிந்திருந்தன.

அதற்குப் பிறகு அவள் ஏச்சில் காரம் குறைந்தது. ஓகஸ்ட்டில் கத்தரிக்காய்கள் கறுத்து மினுங்கித் தொங்கின. யோகாம்பிகை வந்தாள். சத்தியம் சத்தியம்தான் என்று மேசையில் தள்ளி இருந்தாள். பால்கறியின் வாசம் குசினியிலிருந்து வந்ததும், பிள்ளையார் படம் அடுத்த அறையில்தானே என்று யோசித்திருக்க வேண்டும். முதலில் ஒரு துண்டு. "அண்ணைதானே," என்றாள். பிறகு இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அண்ணையின் குணம் அப்படியே தெரிகிறது என்று கண்ணீர் விட்டாள். மிச்சத்தை எட்மன்ரனுக்குக் கட்டிக்கொண்டு போனாள்.

செப்ரெம்பரில் நிம்ரத் சோதிக்க வந்தாள். கருவியைப் பாத்திக்குள் குத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது. மண் பிழைத்துவிட்டது, பிழைத்தது மாத்திரமல்ல, தான் இந்த வருடம் பார்த்ததில் இதுதான் ஆகத் திறமான மண் என்றாள். தவமலர் பெருமையைக் காட்டாமல் இருக்கப் பாடுபட்டாள். பெயரைப் பதிவதற்கென்று நிம்ரத் இன்னொரு பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொருவரின் மண்ணிலும் அவரவருக்கென்று ஒரு முத்திரை நுண்ணுயிர் விட்டிருப்பார்கள், அதை வாசித்துத்தான் உரிமை எழுதுவது என்று விளக்கிக்கொண்டே திரையைப் பார்த்தவள், பேச்சை நிறுத்தினாள். கருவியைத் துடைத்தாள். பாத்தியின் மற்றக் கோடியில் குத்தினாள். நடுவில் குத்தினாள்.

"அன்ரி, கொஞ்சம் இருங்கள்."

"நான் நிக்கிறன். என்ன?"

"இல்லை. உட்காருங்கள்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தவமலரை இருத்திவிட்டு, நிம்ரத் தானும் முழங்காலில் இருந்தாள். இந்த மண் குணநாயகம் இல்லை. இது மார்த்தா என்று ஒருத்தி. பொதிகளை விநியோகிக்கிற நிறுவனத்தில் ஏற்றும்போது மாறியிருக்கிறது. குணநாயகம் பத்திரமாக இருக்கிறார், ஆனால் நகருக்கு மேற்கே கொக்ரேனில், மார்த்தாவின் கணவர் வீட்டில். அங்கே உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள்.

கோபம் வரும் என்று தவமலர் காத்திருந்தாள். வந்ததோ வெட்கம். முன்பின் அறியாத ஒரு மனுசியைக் கோடை முழுக்க அல்லவா நிற்கவைத்து ஏசியிருக்கிறாள். அதுவும் குறட்டைக்காக. பிறகு அந்த ஆலங்கட்டிப் பின்னேரம் ஞாபகம் வந்தது. ஒருவருக்கும் சொல்லாததை ஆருக்கோ சொல்லிவிட்டாள். கணவர் அதைக் கேட்கவே இல்லை. இந்த முறையும் தப்பிவிட்டார்.

யோகாம்பிகைக்குத் தொலைபேசியில் அறிவித்தாள். மறுமுனையிலிருந்து, "அப்ப நான் சாப்பிட்டது ஆரின்ர கத்தரிக்காய்?" என்று ஒரு தளர்ந்த குரல் வந்தது.

நிம்ரத்தும் சேர்ந்து மூவருமாகக் கொக்ரேனுக்குப் போனார்கள். தவமலர் வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பை கத்தரிக்காய் எடுத்துக்கொண்டாள். மார்த்தாவின் கணவர் பீற்றர் நெடிய, கூனல் விழுந்த கிழவர். செய்தி அவருக்கும் போயிருந்தது. பையை வாங்கித் திறந்து பார்த்தார். ஒரு காயை எடுத்துச் சட்டையில் துடைத்து, கன்னத்தில் வைத்துக்கொண்டார். மார்த்தாவுக்குக் கத்தரிக்காய் கண்ணில் காட்டக் கூடாது என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நால்வரும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்கள்.

பின்வளவில் பாத்தி இருந்தது. யோகாம்பிகை செருப்பைக் கழற்றிவிட்டு, உருளைக்கிழங்குச் செடிகளுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். தவமலர் நின்று பார்த்தாள். களை ஒன்றுகூட இல்லை. பாத்தியை ஒட்டி ஒரு நாற்காலி. அதன் கால்கள் மண்ணில் ஆழப் பதிந்திருந்தன. அவள் அதைப் பார்ப்பதைப் பீற்றர் கவனித்தார். மார்த்தா கோடையில் தினமும் பின்னேரம் வெளியே வந்திருக்கச் சொல்லிக் கூப்பிடுவாளாம். இவர் ஒரு நாளும் போனதில்லை, உள்ளே பழைய ஹொக்கி ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறேன் வருகிறேன் என்பாராம். இந்தக் கோடை முழுக்க வந்திருந்து, அதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கூப்பிட்டபோது எழும்பிப் போவது ஒரு கணவனுக்கு அவ்வளவு பெரிய வேலையா, மனைவி பேசும்போது காது கொடுப்பது அவ்வளவு கஷ்டமா, கணவன்மார் நாங்கள் ஏன் இப்படி இருந்தோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

"எல்லாவற்றையும் உங்கள் கணவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்," என்றார். "மன்னிக்க வேண்டும். ஆனால் நல்ல மனிதர். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை."

"அப்ப அது என்ர மனுசனாய் இராது," என்றாள் தவமலர். "நிம்ரத், அந்த மெசினை இன்னொருக்கால் குத்திப் பாரும்."

நிம்ரத் குத்தினாள். அவரேதான்.

தவமலர் சிரிக்கத் தொடங்கினாள். அடக்க முடியவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் மற்றதாக மாறியது என்று யோகாம்பிகைக்குப் பிறகு யோசித்தும் பிடிபடவில்லை. பீற்றர் கைக்குட்டை கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி, நீங்கள் மார்த்தாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் ஏசினேன் என்றாள். பிறகு, ஒரு உண்மையும் சொன்னேன் என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மார்த்தா ஒரு வார்த்தையும் வெளியே விடமாட்டாள் என்று மாத்திரம் சொன்னார்.

நிம்ரத் தொண்டையைச் செருமினாள். மண் ஏற்கனவே ஊர்மண்ணோடு கலந்துவிட்டது, முழுதாகப் பிரிக்க இயலாது. ஆனால் நிலம் உறைவதற்கு முன் பாத்திகளை அப்படியே அள்ளி இடம் மாற்றித் தர அலுவலகம் ஆயத்தம். இரு வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். பீற்றர் தவமலரைப் பார்த்தார். யோகாம்பிகையும் பார்த்தாள்.

தவமலர் பாத்தியோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். இளகி, கறுத்து, விரலிடுக்கால் உதிர்ந்தது. அதைத் திரும்ப அதே இடத்தில் போட்டுக் கையைத் தட்டினாள்.

"அவர் இஞ்சையே இருக்கட்டும். அவருக்கு இன்னும் கொஞ்சம் படிக்கக் கிடக்கு."

திரும்பி வரும்போது பீற்றர் கொடுத்த உருளைக்கிழங்குப் பையை யோகாம்பிகை மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து இருக்கைப் பட்டியைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் தவமலர் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். காற்றில் குளிர் ஏறியிருந்தது, இரவு உறைபனி என்று அறிவித்திருந்தார்கள். வாளியைச் சரித்தாள். பழக்கதோசத்தில் வாய் திறந்து, "இஞ்சேருங்கோ" என்று தொடங்கி நின்றுவிட்டது. இனி எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தாள். வாளியைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, பாத்தியின் பலகை விளிம்பில் அமர்ந்தாள். ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரியில் புதிய நோயாளியின் கட்டிலருகே போய் நிற்கும்போது பேசுகிற அந்த மெல்லிய குரலில், முதலில் தன் பெயரைச் சொன்னாள்.